போகலாமா... இருக்கலாமா? பனிக்காலத்தை ஜெயிக்கும் ப்ளூ ஜே பறவையின் சீக்ரெட்ஸ்!

மைனஸ் 15 டிகிரி குளிர். ஜன்னலைத் திறந்தாலே மூக்கு விறைச்சுப்போகும். இலை உதிர்ந்த மரம், பனி மூடின கூரை, பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவுல பளீர்னு ஒரு நீலம் வந்து உட்காருது. 'ஜே... ஜே...'னு தொண்டை கிழியக் கத்துது. கனடாவுல இருக்கிற உங்க ஃப்ரெண்டோ, சித்தி பையனோ அனுப்பின வீடியோவுல நீங்க இதைப் பார்த்திருக்கலாம். அதுதான் ப்ளூ ஜே!

'குளிர்காலம் வந்தா பறவைகள் எல்லாம் தெற்குப் பக்கம் போயிடும்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்... இது மட்டும் ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கு?'ன்னு கேக்குறீங்களா? அங்கதான் ட்விஸ்ட். ப்ளூ ஜே போகவும் செய்யும், போகாமலும் இருக்கும். அந்தக் கதையைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

காக்காவுக்குச் சொந்தக்காரன்

கனடாவின் தென்பகுதியில் ஆரம்பிச்சு அமெரிக்காவின் கிழக்கு, மத்திய மாநிலங்கள் வழியா ஃப்ளோரிடா, டெக்சாஸ் வரைக்கும் ப்ளூ ஜேவின் ஏரியா. தலையில கொண்டை, கழுத்தைச் சுத்தி கறுப்பு மாலை மாதிரி ஒரு கோடு, நீல இறக்கையில கறுப்பு வெள்ளைப் பட்டைகள். எடை 70 முதல் 100 கிராம். உங்க கையில இருக்கிற போனின் எடையில் பாதிதான் இருக்கும்.

இது காக்கா குடும்பத்துப் பறவை. அதனால கூர்மையான மூளைக்கும் கத்தலுக்கும் பஞ்சமே இல்லை. டொரன்டோவின் பேஸ்பால் டீமுக்கு 'ப்ளூ ஜேஸ்'னு பேர் வந்தது இந்தப் பறவையாலதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துடுவோம். நம்ம ஊர் கரன்ட் கம்பியில உட்கார்ந்திருக்கிற பனங்காடையையும் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் 'ப்ளூ ஜே'ன்னுதான் சொல்லும். ஆனா, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பனங்காடை, மீன்கொத்திக்குத்தான் தூரத்துச் சொந்தம்.

இன்னொரு ஆச்சர்யம், ப்ளூ ஜேவின் இறகுல நீல நிறமியே கிடையாது. அதுல இருக்கிறது மெலனின்ங்கிற அடர் நிறமிதான். இறகின் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதால நம்ம கண்ணுக்கு நீலமாத் தெரியுது. கீழே கிடக்கிற இறகை நசுக்கினா நீலம் காணாமப் போயிடும்!

யார் போறாங்க, யார் இருக்காங்க?

செப்டம்பர், அக்டோபர் மாசங்கள்ல ப்ளூ ஜேக்கள் கூட்டம் கூட்டமாத் தெற்கு நோக்கிக் கிளம்பும். நிறைய சின்னப் பறவைகள் ராத்திரியில பயணம் பண்ணும். ஆனா, ப்ளூ ஜே பகல்லதான் பறக்கும். எப்பவும் ஊரையே கூட்டுற பறவை, இந்தப் பயணத்துல மட்டும் பெரும்பாலும் சத்தமே இல்லாமப் போகும்.

பெரிய ஏரிகளைத் தாண்டிப் பறக்க இதுக்குத் தயக்கம். அதனால தண்ணியை விட்டு ஒதுங்கி, கரையோரமாவே சுத்திப் போகும். சுப்பீரியர் ஏரியின் மேற்கு நுனியில இருக்கிற டுலூத் நகரத்துல 'ஹாக் ரிட்ஜ்'னு ஒரு குன்று இருக்கு. பருந்துகளை எண்ணுறதுக்காக வர்றவங்க அங்கே ஒரே சீஸன்ல பல்லாயிரக்கணக்கான ப்ளூ ஜேக்களையும் சேர்த்து எண்ணுறாங்க.

ஆனா, இப்படிக் கிளம்புறது மொத்தக் கூட்டத்துல ஒரு சின்னப் பகுதிதான். பெரும்பாலான பறவைகள் சொந்த இடத்துலேயே தங்கிடும். 'அப்போ இளசுங்க போகும், பெருசுங்க இருக்கும்போல'ன்னு நினைக்கலாம். அப்படியும் சொல்லிட முடியாது. ரெண்டு வயசுலயும் போறது உண்டு, தங்குறது உண்டு. காலில் வளையம் மாட்டிப் பின்தொடர்ந்தப்போ தெரிஞ்சது இன்னும் விசித்திரம். ஒரு வருஷம் தெற்கே போன பறவை, அடுத்த வருஷம் போகாம இருந்திருக்கு. அதுக்கடுத்த வருஷம் மறுபடியும் கிளம்பியிருக்கு!

காரணம் இன்னும் முழுசாப் பிடிபடலை. ஓக் மரங்கள்ல கொட்டை குறைவாக் காய்க்கிற வருஷங்கள்ல பெரிய கூட்டமா நகருதுன்னு பறவை ஆர்வலர்கள் கவனிச்சிருக்காங்க. இருந்தாப் பசி வாட்டலாம். போனா வழியில பருந்து அடிக்கலாம். ரெண்டுலயும் உயிருக்கு ரிஸ்க் இருக்கு.

இதுல ஒரு வேடிக்கையும் உண்டு. ஜனவரியில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு வர்ற ஜே, ஜூலையில வந்த அதே ஜேவா இருக்கணும்னு இல்லை. பழசு தெற்கே போயிருக்கலாம். வடக்கே இருந்து புதுசு வந்திருக்கலாம். வீட்டுக்காரங்களுக்குத் தெரியவே தெரியாது.

தொண்டைதான் கட்டைப்பை

தங்குறதுன்னு முடிவு பண்ணின பறவைக்கு நம்ம பாட்டிகள் குதிர்ல நெல் கொட்டி வெச்ச மாதிரி ஒரு வேலை இருக்கு. குளிர் வர்றதுக்கு முன்னாடியே ஓக் கொட்டைகளைச் சேர்க்கணும்.

ஒரு ட்ரிப்ல அஞ்சு கொட்டை வரைக்கும் தூக்கும். ரெண்டு, மூணு தொண்டையில போகும், ஒண்ணு வாய்க்குள்ள, கடைசி ஒண்ணு அலகு நுனியில. தூக்கிட்டுப் போய், ஒவ்வொண்ணையும் தனித்தனியா மண்ணுலயோ சருகுக்கு அடியிலயோ புதைக்கும். ஒரே இடத்துல குவிச்சு வெச்சா, அணில் கண்டுபிடிச்சு மொத்தத்தையும் காலி பண்ணிடுமே!

வர்ஜீனியாவின் பிளாக்ஸ்பர்க் நகரத்துல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கெடுத்து 1981-ல வெளியிட்டாங்க. ஒரு சின்ன ஓக் தோப்புல இருந்து ப்ளூ ஜேக்கள் தூக்கிட்டுப் போய்ப் புதைச்ச கொட்டைகள் 1,33,000! அந்தத் தோப்பின் மொத்த விளைச்சல்ல இது 54 சதவிகிதம். சராசரியா 1.1 கிலோமீட்டர் தூரம் சுமந்து போயிருக்கு.

புதைச்ச எல்லாத்தையும் அது திரும்ப எடுக்கிறதில்லை. மிச்சமிருக்கிறது முளைச்சு மரமாகுது. பனியுகம் முடிஞ்சு பனிப்பாறைகள் பின்வாங்கினப்போ, ஓக் மரங்கள் அவ்வளவு வேகமா வடக்கே பரவினதுக்கு இந்தப் பறவைதான் முக்கியக் காரணமா இருக்கணும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கனமான ஓக் கொட்டை காத்துல பறக்காது இல்லையா?

கொட்டை மட்டும் போதாது பாஸ்!

ஓக் கொட்டையில டானின் அதிகம். வாழைக்காயைக் கடிச்சா நாக்குல ஒரு துவர்ப்பு இழுக்குமே, அந்த மாதிரி சமாசாரம். இது உடம்புல புரதம் சேர விடாது. கூண்டுல வெச்சு வெறும் ஓக் கொட்டை மட்டும் கொடுத்தப்போ, ஜேக்களின் எடை குறைஞ்சிடுச்சு. கூடவே, கொட்டைக்குள்ள வாழுற வண்டுப் புழுக்களையும் கொடுத்தப்போ எடை குறையலை. 'சீ, புழு!'ன்னு நாம தூக்கிப் போடுறதுதான் அதுக்குப் புரோட்டீன்.

போர்வை, ஹீட்டர் ரெண்டும் உடம்புலயே

வெளியே மைனஸ் 20 இருந்தாலும் பறவையின் உடம்பு சுமார் 40 டிகிரி சூட்டுல இருந்தாகணும். எப்படி?

* இறகைச் சிலுப்பி உப்ப வைக்கும். இடையில சிக்குற காத்துதான் போர்வை. குளிர்காலப் படங்கள்ல ஜே குண்டாத் தெரியுறதுக்குக் காரணம் கொழுப்பு இல்லை, இந்த டெக்னிக்தான்.

* விடாம நடுங்கும். நமக்கு நடுக்கம் ஒரு அவஸ்தை. அதுக்கு அது ஹீட்டர். தசை வேலை செஞ்சா சூடு வரும்.

* காலுக்கு இறங்குற சூடான ரத்தமும், மேலே ஏறுற குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துல ஓடும். வழியிலேயே சூடு கைமாறிடும். அதனால கால் வழியா வீணாகுற சூடு ரொம்பக் குறைவு.

* ராத்திரியில அடர்த்தியான ஊசியிலை மரங்களுக்குள்ள பதுங்கும். காத்து அடிக்காது, ஆந்தை கண்ணுலயும் லேசுல படாது.

இந்த ஹீட்டருக்கு எரிபொருள் சாப்பாடுதான். அதனாலதான் புதைச்சு வெச்ச கொட்டைக்கு அவ்வளவு மதிப்பு. போதாதுன்னா வீடுகள்ல வைக்கிற வேர்க்கடலை, சூரியகாந்தி விதைக்கு வந்து நிக்கும். சில நேரம் பருந்து மாதிரியே கத்தும். மத்த பறவைகள் பயந்து பறந்ததும் மொத்தமும் இதுக்குத்தான்!

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில சில ஜேக்கள், வீட்டுச் சுவத்துல இருக்கிற வெளிர் நிற பெயின்ட்டைக் கொத்தி எடுக்கிறதும் உண்டு. அதுல இருக்கிற கால்சியத்துக்காகத்தான் இந்தத் திருட்டு. முட்டை ஓட்டை நொறுக்கி வெளியே வெச்சா, சுவரை விட்டுடும்.

இவ்வளவு சாமர்த்தியத்துக்கும் பலன் இருக்கு. கனடாவுல 1989-ல வளையம் மாட்டின ஒரு ப்ளூ ஜே, 2016-ல கண்டெடுக்கப்பட்டப்போ அதுக்கு 26 வயசைத் தாண்டியிருந்துச்சு!

மாறுது குளிர்

டெக்சாஸ்ல சான் அன்டோனியோ பக்கத்துல, ப்ளூ ஜேவுக்கும் வெப்பமண்டலப் பறவையான க்ரீன் ஜேவுக்கும் பிறந்த ஒரு கலப்புப் பறவையை ஆராய்ச்சியாளர்கள் 2025-ல உறுதி பண்ணினாங்க. ஒரு காலத்துல இந்த ரெண்டும் சந்திக்கவே வாய்ப்பில்லை. பருவநிலை மாற்றத்தால க்ரீன் ஜே வடக்கேயும், ப்ளூ ஜே மேற்கேயும் எல்லையை விரிச்சதுதான் இதுக்குக் காரணமா இருக்கலாம்னு அவங்க சொல்றாங்க. குளிரை நம்பி வகுத்த கணக்கு, குளிரே மாறும்போது என்னாகும்? ப்ளூ ஜே சமாளிச்சுடலாம். எதையும் சாப்பிடும், ஊருக்குள்ளேயும் வாழும். இவ்வளவு வளைஞ்சு கொடுக்கத் தெரியாத பறவைகளின் நிலைமைதான் கவலை.

வட அமெரிக்காவுல இருக்கிற உங்க சொந்தக்காரங்க வீட்டு வாசலுக்கு இந்த நீலக் கொண்டைக்காரன் வந்தா, உப்பு போடாத வேர்க்கடலை நாலு வைக்கச் சொல்லுங்க. அதுல ஒண்ணை அது தின்னும். மிச்சத்தைத் தூக்கிட்டுப் போய் எங்கேயோ புதைக்கும். பிப்ரவரி பனியில, சாப்பிட ஒண்ணுமே கிடைக்காத ஒரு நாள்ல, அந்தக் கடலைதான் அதைக் காப்பாத்தும்.