பல்கலைக்கழக மாணவரும் மக்கட் பணியும்

ஏட்டிற் கற்றதை வாழ்க்கையோடு ஒத்துப் பார்த்தல் கல்விக்குப் புதியதன்று. மருத்துவம் பயில்வோன் மருத்துவமனையிலும் சட்டம் பயில்வோன் நீதிமன்றத்திலும் சில காலம் பழகிய பின்னரே தொழிலுக்கு உரியவனாகின்றான். ஆனால் மக்களின் வறுமையையும் வழக்கங்களையும் பாடமாகக் கொண்ட மாணவன் எங்கே சென்று பழகுவது? இவ்வினாவுக்கு மேனாட்டு நகரங்களில் எழுந்த மக்கள் நிலையங்களே முதல் விடையாயின. அவ்விடை பல நாடுகளைச் சுற்றிக் கண்டிக்கும், அதற்கு வடகிழக்கே மலைச்சரிவிலுள்ள பன்வில வட்டாரத்துக்கும் வந்து சேர்ந்த வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது.

1884ஆம் ஆண்டில், இலண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள வைற்சப்பல் என்னும் ஏழ்மை மிக்க இடத்திலே, சாமுவேல் பார்னெற் என்ற குருவும் அவர் மனைவியார் கென்றியெற்றாவும் ரொயின்பி மண்டபத்தை நிறுவினர். முந்திய ஆண்டில் இளவயதிலேயே மறைந்த ஆர்னல்ட் ரொயின்பி என்னும் பொருளியல் வரலாற்றாசிரியரின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களின் இளைஞர் அங்கே தங்கி, அயலாரோடு வாழ்ந்து, மாலை வகுப்புகள் நடத்தினர். பணம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவதன்று அவர்தம் நோக்கம். அதே தெருவிற் குடியிருப்பதே நோக்கம். பிற்காலத்தில் 1942ஆம் ஆண்டின் சமூகக் காப்புறுதி அறிக்கையால் உலகப் புகழ்பெற்ற வில்லியம் பெவரிட்ஜ் தம் இளமையில் இம்மண்டபத்தில் பணியாற்றியவர். இங்கு வந்து கண்டு சென்ற ஜேன் அடம்ஸ் அம்மையார் 1889இல் சிக்காகோ நகரில் ஹல் இல்லத்தைத் தொடங்கினார். அவ்வில்லத்தார் வீடு வீடாகச் சென்று, குடியிருப்போர் எந்நாட்டினர், எவ்வளவு கூலி பெறுகின்றனர் என்று அறிந்து வரைந்த படங்களும் கட்டுரைகளும் 1895இல் நூலாயின.

இம்முறை இந்தியாவுக்கு வந்த வரலாற்றில் தஞ்சாவூரிற் பிறந்த சகோதரர் இருவர் இடம்பெறுகின்றனர். இளையவர் யே. சி. குமரப்பா குஜராத் வித்யாபீட மாணவரை அழைத்துச் சென்று, கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவின் பொருளாதார நிலையை ஆராய்ந்தார். அறிக்கை 1931இல் வெளிவந்தது. மூத்தவர் யே. எம். குமரப்பா, பம்பாயில் 1936இல் தொடங்கிய சேர் டொராப்ஜி தாதா சமூகப் பணிக் கல்லூரியிற் பேராசிரியராகிப் பின்னர் அதன் தலைவருமானார். அக்கல்லூரி தொடங்கியது நாகபாடா அயலவர் இல்லத்திலே என்பது குறிப்பிடத்தக்கது. தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில் கிளிபோட் மான்சாட் என்னும் அமெரிக்கர் நடத்திய நிலையம் அது. கல்லூரிக்காக மக்கள் நிலையம் தேடப்படவில்லை. மக்கள் நிலையத்தினுள்ளேயே கல்லூரி பிறந்தது. வரன்முறை இவ்வாறு அமைந்தமை பெரிதும் நன்றே.

நம்மவருள் சுவாமி விபுலானந்தர் இவ்வுண்மையைத் தம் வாழ்விற் காட்டியவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராகச் சென்ற அவர், பல்கலைக்கழகத்தின் அயலேயுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குச் சென்று கல்விப் பணி செய்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. பேராசிரியரே சேரிக்கு நடந்தார் எனின், மாணவர் நடத்தல் எவ்வாறு இழுக்காகும்?

1952ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. மகாவலி கங்கையின் கரையிலமைந்த அக்கழகத்தின் சமூகவியல், பொருளியல் ஆசிரியர்களுக்குக் கண்டிச் சீமைக் கிராமங்கள் கைக்கெட்டிய ஆய்வுக்களமாயின. பன்வில வட்டாரத்தை அடுத்துள்ள பாத்ததும்பறைக் கிராமங்களிற் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின் முடிபுகளை, என். கே. சர்க்காரும் எஸ். யே. தம்பையாவும் 1957இல் நூலாக்கினர். சிதைவுறும் கிராமம் என்பது அதன் தலைப்பின் பொருள். நிலமின்மை, கடன், அந்தே என்னும் வாரக் குத்தகை, கூலி வேலையை நாடவேண்டிய நிலை ஆகியன அதிலே புள்ளிவிவரங்களாக நிரல்பட்டு நிற்கின்றன.

கேம்பிறிட்ஜ் மானிடவியலாளர் எட்மன்ட் லீச் இந்நூலை மறுத்து எழுதிய கட்டுரை, களத்துக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது. அவர் 1954இல் நுவரகலாவியாவிலுள்ள புல் எலிய என்னும் ஒரே கிராமத்திற் பல மாதம் தங்கியவர். அவர் தொடுத்த தடை எளியது. ஓர் உலையிற் சமைத்து உண்போர் ஒரு குடும்பம் என்று ஆய்வாளர் கொண்டனர். மணமான மகன் தனி உலை வைத்த நாள் முதலே தனிக் குடும்பத் தலைவனாகின்றான். அவன் தந்தையின் வயலையே வாரத்துக்குச் செய்கின்றான். தந்தைக்குப் பின் அவ்வயல் அவனுக்கே வரும். வினாப்பட்டியலிலோ அவன் நிலமற்றவன், குத்தகைக்காரன். தந்தை நிலவுடைமையாளர்! ஒரு குடிக்குள்ளே நிகழும் தலைமுறை மாற்றம், எண்ணிக்கையில் இரு வர்க்கங்களின் பிளவாகத் தோன்றுகின்றது.

லீச்சின் தடை கூரியதே. எனினும் அஃது முற்றும் நிற்கத்தக்கதன்று. தந்தையின் சிறு வயலை மக்கள் ஐவர் பங்கிட்டால் எஞ்சுவது என்ன என்பதற்கு அவர் கட்டுரை போதிய விடை கூறவில்லை. கிராமம் முழுவதும் நிலம் சுருங்கியமையை எண்ணிக்கையே காட்டவல்லது. ஆனால் ஒரு பிற்பகலில் வினவிப் போனவருக்கும் ஆறு மாதம் அயலிலே இருந்தவருக்கும் ஒரே அடுப்பு இருவேறு பொருள் தந்தது என்பதை மறுத்தற்கில்லை. ரொயின்பி மண்டபத்தார் தெருவிலே குடியிருந்தமைக்கும் இதுவே காரணம்.

இவ்விருவர் வாதத்திலும் இடம்பெறாதோர் ஒரு சாரார் இருந்தனர். பன்வில, மடுல்கலை, நக்கிள்ஸ் மலைச்சாரல் ஆகிய பகுதிகளின் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழரே அவர். நூலின் பொருள் கிராமம். லயம் கிராமமாகக் கருதப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று; அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. விடியற்காலப் பிரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் இடையே கழிந்த அவர்தம் வாழ்வில், தோட்டத்துக்கு வெளியேயிருந்து ஒருவர் வந்து குறைகேட்பது எளிதன்று. வாயிலிலே காவல் இருந்தது; கடிதங்களும் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தன.

1956ஆம் ஆண்டு யூன் மாதம் நிகழ்ந்ததையும் இங்கே குறித்தல் வேண்டும். சிங்களம் மட்டும் சட்டத்தையொட்டிக் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் வன்செயல் மூண்டது. அப்போது தம்பையா பேராதனை மாணவர் குழுவொன்றுடன் அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தார். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அக்குழுவில் இருந்தனர். வினாப்பட்டியல்கள் ஒருபுறமாக, தமிழராகிய ஆசிரியரையும் தமிழ் மாணவரையும் உயிருடன் மீட்பதே அன்றைய வேலையாயிற்று. கிராமத்தை அளக்கச் சென்றோர்க்கு நாட்டின் நிலை அன்றே தெரிந்துவிட்டது. உலகறிந்த மானிடவியலாளராகிய பின்னர், தம்பையா இன வன்முறையைப் பற்றி எழுதிய நூல்களில் அந்நாளையும் நினைவுகூர்ந்தார்.

லயத்துக்குள் வெளியார் நுழைதல் அரிதாயின், லயத்தார் வந்து சேர நகரில் ஓரிடம் வேண்டும். 1972இல் இயேசு சபைக் குருவாகிய போல் கஸ்பர்ஸ் கண்டியிலே சத்தியோதய நிலையத்தைத் தொடங்கியபோது அத்தகைய இடமொன்று உண்டாயிற்று. சிங்களரும் தமிழரும் பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் அங்கே கூடிப் பணிசெய்தனர். காலமும் கொடியது. அவ்வாண்டுக் காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானமையும் கண்டிப் பகுதித் தோட்டங்கள் பலவற்றைத் துண்டாடின. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டப் புறங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. தொழிலாளர் குடும்பங்கள் கண்டி வீதிகளிற் பிச்சையெடுத்தன. 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகமும் கண்டியில் அமைந்தது. கிராமத்துச் சிங்களரையும் லயத்துத் தமிழரையும் ஒரே அவையில் இருத்தும் முயற்சி, பாத்ததும்பறை நூலில் விடுபட்ட பக்கத்தை எழுதும் முயற்சியேயாம்.

இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் சமூகவியல், சமூகப்பணி பயில்வோர் இத்தகைய நகர நிலையங்களிற் சில காலம் பயிற்சி பெறுதல் பட்டப்படிப்பின் பகுதியாகிவிட்டது. கொழும்பில் 1952இல் தோன்றிய சமூகப் பணி நிறுவனம் களப்பயிற்சியை முதலிலிருந்தே வற்புறுத்தியது. ஆயினும் சான்றிதழுக்காக நாட்கணக்கு நிரப்பிச் செல்வோரும் இலர் என்று கூறமுடியாது. நிலையத்தாருக்கு அன்னோரால் விளைவது மேசையொன்றின் இழப்பே.

அங்கே செய்யவேண்டிய வேலை பெரும்பாலும் சிறியது. பன்வில வழியாக, வத்தேகம தாண்டி, பஸ் மாறிக் கண்டிக்கு வரும் ஒரு தாய் கொண்டுவருவது கொள்கை விளக்கமன்று. எழுத்துப் பிழையுள்ள ஒரு பிறப்புச் சான்றிதழ். தந்தை பெயர் தமிழில் ஒருவாறும் சிங்களத்தில் வேறொருவாறும் பதியப்பட்டிருக்கும். பிறந்த இடம் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருக்கும். லயத்தாரோ அத்தோட்டத்தை வேறு தமிழ்ப் பெயரால் வழங்குவர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருள் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. ஆயினும் அடையாள அட்டைக்கு இவ்வேறுபாடுகள் யாவும் திருத்தப்படல் வேண்டும். இரு மொழியும் எழுதவல்ல மாணவன் ஒருவன் பதிவாளருக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதம் அவ்வேலையைத் தொடக்கி வைக்கின்றது. கடிதம் எழுதுமுன் அவன் அத்தாயிடம் கேட்டறிய வேண்டியவை பல: காம்பராவில் எத்தனை பேர், அடுப்பு ஒன்றா இரண்டா, மூத்த மகன் பேர் தோட்டத்துப் பதிவில் உண்டா, கொழும்புக்கு வேலைக்குச் சென்ற மகளுக்கு அட்டை கிடைத்ததா. லீச்சும் சர்க்காரும் வாதிட்ட அடுப்பு இங்கே மீண்டும் வருகின்றது. ஆனால் இம்முறை விடை தவறினால் கெடுவது ஒரு புள்ளிவிவரம் அன்று. அம்மகளின் பரீட்சை விண்ணப்பமோ வேலையோ கெடும். கடிதத்தை அவன் முதலில் தமிழிற் படித்துக் காட்டுகின்றான். அவள் தன் தந்தையின் பெயரை இருமுறை சொல்லித் திருத்திய பின்னரே உறையிலிட்டு ஒட்டப்படுகின்றது.