இடையறாது இயங்கும் கணினிக் கொத்துகளின் தொடக்க வரலாறு

வங்கிப் பணப் பரிமாற்றம் போன்ற பணிகள் கணினிக்கு மாறிய 1970களில், கணினி நின்றால் வணிகமும் நின்றது. இதற்கு மாற்றாகச் சில நிறுவனங்கள் இரண்டாவது கணினி ஒன்றை வாங்கிச் சும்மா நிறுத்தி வைத்தன. செலவு கூடியது, பழுது நேரும்போது வேலையை அதற்கு மாற்றுவதும் எளிதாக இல்லை.

ஹியூலெட்-பேக்கார்டில் பணியாற்றிய ஜேம்ஸ் டிரெய்பிக் 1974-இல் கலிபோர்னியாவில் டேண்டம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் கணினியான டேண்டம்/16, 1976-இல் சிட்டிபாங்கிற்கு வழங்கப்பட்டது. இதில் 2 முதல் 16 செயலிகள் வரை இணைக்கலாம். ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம் உண்டு. அவற்றை இரண்டு தனித்தனிப் பாட்டைகள் இணைத்தன. வட்டுக் கட்டுப்படுத்தி ஒவ்வொன்றும் இரு செயலிகளுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஒரே தரவை இரு வட்டுகளில் எழுதும் வசதியும் இருந்தது. எல்லாச் செயலிகளும் அன்றாட வேலையைப் பகிர்ந்துகொண்டதே இதன் சிறப்பு. சும்மா கிடக்கும் கணினிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு செயலியும் தான் இயங்குவதாகக் குறித்த இடைவெளியில் மற்றவற்றுக்குச் செய்தி அனுப்பும். அச்செய்தி நின்றால், வேறொரு செயலியில் உள்ள இணைச் செயல்முறை வேலையை ஏற்கும்.

டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் 1983-இல் அறிவித்த வாக்ஸ்கிளஸ்டர் வேறு வழியில் சென்றது. வழக்கமான வாக்ஸ் கணினிகள் பலவற்றை இணைத்து, வட்டுகளை அவற்றுக்குப் பொதுவாக்கியது. இதில் புதிய இடர் ஒன்று இருந்தது. இணைப்பு அறுந்து கொத்து இரண்டாகப் பிரிந்தால், இரு பகுதிகளும் மற்றது இறந்துவிட்டதாகக் கருதி ஒரே வட்டில் எழுதித் தரவைக் கெடுத்துவிடும். கணினி நிற்பதைவிட இது மோசமானது. எனவே கணினிகளுக்கு வாக்குகள் வழங்கப்பட்டன. பெரும்பான்மை வாக்குள்ள பகுதி மட்டுமே தொடர்ந்து இயங்கும். இரண்டே கணினிகள் உள்ள கொத்தில் எதற்கும் பெரும்பான்மை கிடைக்காது என்பதால், ஒரு பொது வட்டுக்கும் வாக்கு அளிக்கலாம். இன்றைய வழங்கிக் கொத்துகளும் இதே முறையைப் பின்பற்றுகின்றன.

இரட்டை வட்டுக்கான செலவைக் குறைக்கும் ரெய்டு முறைகளை டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988-இல் வகைப்படுத்தினர்.

இதற்கு முன்பே, 1985-இல், டேண்டம் நிறுவனத்தின் ஜிம் கிரே தம் வாடிக்கையாளர்களின் கணினிகள் நின்றதற்கான காரணங்களை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். அவற்றுள் வன்பொருள் பழுதுகள் 18 விழுக்காடுதான். பராமரிப்பு, இயக்குதல் உள்ளிட்ட நிர்வாகப் பணிகளில் நேர்ந்தவை 42 விழுக்காடு. மென்பொருளால் நேர்ந்தவை 25 விழுக்காடு.