மனைவியர் மீதான வன்முறை (கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்கள்)

அம்பாறைக் கரையோரத்தில் சாய்ந்தமருது, கல்முனை, அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களில் மனைவியை அடிப்பது, ஏசுவது, கைவிடுவது ஆகியவற்றை முதலில் தட்டிக்கேட்டு வந்தது பெண்ணின் குடும்பமே. நீதிமன்றம் பிறகு வந்தது.

இங்கு மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்கிறார். பெற்றோர் தாம் குடியிருந்த வீட்டையே மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அடுத்த காணியிலோ வேறு வீடு கட்டிக்கொள்வர். அடுத்த மகளுக்கு அந்த வீடு. இப்படியே உம்மா, சாச்சி, ராத்தா, தங்கச்சி என ஓர் ஒழுங்கையே ஒரு தாய் வயிற்றுப் பெண்களால் நிறைந்துவிடும். சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியே எட்டிப் பார்ப்பார். தாய்வழியில் வரும் குடிகளின் பிரதிநிதிகளாகப் பள்ளிவாசலில் மரைக்காயர்கள் இருந்தனர். 1969 முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த அமைப்பை விரிவாகப் பதிவு செய்துள்ளார். இந்த அமைப்பின் தோற்றுவாய் கேரளத் தாய்வழி மரபா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிறந்த வீட்டார் பக்கத்தில் இருப்பது மனைவிக்குக் காவல் என்பர் சிலர். தாய்வழிச் சமூகத்திலும் ஆணாதிக்கம் நிலைக்கும் என்பது காஞ்சனா ருவன்புரவின் 2006 ஆம் ஆண்டு நூலின் வாதம். சீதனமே சச்சரவுக்குக் காரணமாவதும் உண்டு.

முஸ்லிம்களுக்கான தனிச்சட்டம் 1806 இல் தொகுக்கப்பட்டு, 1852 இல் தீவு முழுவதற்கும் விரிந்தது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, கணவன் காரணம் நிறுவாமலே தலாக் சொல்லலாம். அவன் சம்மதமின்றிப் பஸஹ் என்னும் விவாகரத்தைக் கோரும் மனைவியோ கொடுமையையோ வேறு குற்றத்தையோ காதியாரிடம் (முஸ்லிம் விவாக வழக்குகளின் நீதிபதியிடம்) நிரூபிக்க வேண்டும். ஆண்களே காதியாகலாம், காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது.

2004 ஆழிப்பேரலை சாய்ந்தமருதுக் கரையோரத்தின் சீதன வீடுகளை அழித்தது. கிழக்கில் நிவாரண வீடுகள் பல, மனைவிக்கல்லாமல், குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டன.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் உரியது. நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். 2019 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், துணையுடன் வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். இது நாடு தழுவிய எண், இந்த ஊர்களுக்கானதன்று. 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 2009 இல் அமைந்த, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு, 2018 இல் உறுப்பினர் இரு தரப்பாகப் பிரிந்த நிலையில் அறிக்கை அளித்தது.