ஜிமேட் மார்க் சொல்லாத கதை

அடுத்த வருஷம் எம்பிஏவுக்கு அப்ளை பண்ணப்போறேன். கையில இருந்தது 12 மாசம். அதுல 4 மாசத்தை ஜிமேட் மார்க்கை ஏத்துறதுலயே கரைச்சுட்டேன். அப்புறம்தான் அந்தத் தேர்வோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன்.

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 1908-ல் தொடங்கியது. இந்தத் தேர்வு வந்ததோ 1954-ல். ஒரு கல்லூரி மார்க்கை இன்னொரு கல்லூரி மார்க்கோடு எப்படி ஒப்பிடுவது? அந்தச் சிக்கலுக்குப் பொது அளவுகோலாக இருக்கட்டும் என்று 1953-ல் 9 பிசினஸ் ஸ்கூல்கள் கூடிப் பேசின. ஜிமேட் என்ற பெயர் 1976-ல்தான் வந்தது. முதல் வருஷப் பாடத்தை ஒருவர் சமாளிப்பாரா என்று கணிப்பதுதான் அதன் வேலை. ஹார்வர்டே 1980-களில் இந்த மார்க்கைக் கேட்பதை நிறுத்தி, 1990-களில் திரும்பக் கொண்டுவந்தது.

சரி, நான் ஒரு டீமை எப்படி நடத்துவேன்னு யார் சொல்றது? பரிந்துரைக் கடிதம்தான். போன வாரம் என் மேனேஜர்கிட்ட கேட்டேன். "கண்டிப்பா எழுதறேன்பா. ஆனா நீ முன்னாடி நின்னு செஞ்சதுன்னு எதை எழுத?"

என்கிட்ட பதில் இல்ல. நாலு வருஷமா குடுத்த டிக்கெட்டை முடிச்சதுதான் என் கதை.

அடுத்த ரிலீஸ் பொறுப்பைக் கேட்டு வாங்கிட்டேன். மீதி 8 மாசம் அதுக்குத்தான். நீங்களும் அந்தக் கேள்வியை இப்பவே கேட்டுடுங்க.