பகாசுரன் வண்டி

அம்பத்தூரில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறது. ஏழு பேர். இருவர் கவிதை எழுதுகிறார்கள். ஒருவர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டு கதை எழுதுகிறார். நான் வங்கியில் கணக்கெழுதிவிட்டு மற்றவர்கள் எழுதுவதைக் குறை சொல்கிறேன். சென்ற வருஷம் ஒரு யோசனை வந்தது: படிக்கிற நூலுக்குப் பொருத்தமான சாப்பாடு. 'மோகமுள்' மாதத்தில் பித்தளை டபராவில் கும்பகோணம் காப்பி. 'கோபல்ல கிராமம்' மாதத்தில் கம்மங்கஞ்சி, மோர்மிளகாய். நன்றாகத்தான் இருந்தது. பேச்சு மட்டும் கஞ்சியைத் தாண்டவில்லை.

மூன்றாவது நூல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). கூட்டம் என் வீட்டில். என்ன சமைக்கலாம் என்று மனைவியிடம் கேட்டேன். அவள் எனக்கு முன்பே நாவலைப் படித்து முடித்திருந்தாள். "ஆரோக்கியம் வீடு வீடா வாங்கிட்டு வர்ற சோறுதானே? நீங்க சொல்லுங்க, யார் வீட்ல போய் வாங்கிட்டு வரட்டும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அன்று வெறும் டீயோடு கூட்டம் முடிந்தது.

நூலோடு சோற்றைச் சேர்ப்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். தொண்டைமண்டலத்துக்காரன் அப்படி நினைக்கக்கூடாது. இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். வில்லிபுத்தூரார் நாலாயிரத்துச் சொச்சம் விருத்தங்களில் பாடியதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பதினாலாயிரத்துக்கும் மேலாக விரித்தார். அச்சுப் புத்தகம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே ஒரு ஊர் முழுவதும் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒரே நூலை வாசித்த மரபு இது.

பூந்தமல்லிக்கு மேற்கே என் அம்மாவின் ஊர். பத்து வயதில் அங்கே பகாசுரன் வதத்தைப் பார்த்தேன். வில்லியில் இது வேத்திரகீயச் சருக்கம். ஊரார் முறை வைத்து நாளுக்கு ஒரு வண்டிச் சோறும் ஒரு ஆளும் அரக்கனுக்கு அனுப்பவேண்டும். ஒரு பிராமணக் குடும்பத்தின் முறை வரும்போது குந்தி பீமனை அனுப்புகிறாள். பீமன் அரக்கனுக்குரிய சோற்றைத் தானே தின்றுவிட்டு அவனையும் கொல்கிறான். ஊரில் இது மேடையில் நடக்கவில்லை. பீமன் வேஷக்காரர் மாட்டுவண்டியில் ஏறித் தெருத்தெருவாக வந்தார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் பழமும் கொண்டுவந்து ஏற்றினார்கள். பாட்டி ஒரு குண்டான் சோறு கொடுத்தாள். பீமன் போகிற போக்கில் அள்ளித் தின்றார். அரக்கன் செத்தபிறகு மிச்சச் சோறு பிரசாதமாக ஊருக்கே திரும்பி வந்தது.

இதில் சோறு நூலுக்கு அலங்காரமல்ல. கேட்பவனின் அடுப்பிலிருந்து எழுந்த சோறு நூலுக்குள்ளேயே போகிறது. வாசகன் கதையில் வரும் ஊராகிவிடுகிறான். அர்ச்சுனன் தபசு நாளிலும் இதுதான். தபசு மரத்தின் உச்சியிலிருந்து விழும் எலுமிச்சையையும் பழத்தையும் பிள்ளை வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குகிறார்கள். திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியன்று சிறுத்தொண்டர் அமுது படைக்கிறார்கள். அந்தப் புராணத்தைப் பாடிய சேக்கிழார் பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூர்க்காரர்.

பகாசுரன் யாரென்று இந்தச் சீமையில் பிரசங்கியார் விளக்கியிருக்கத் தேவையில்லை என்றே தோன்றுகிறது. 1763-இல் ஆற்காட்டு நவாப் இந்த மண்ணைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-இல் ஹைதர் அலியின் படை இதைத் தீய்த்துவிட்டுப் போனது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். விளைந்ததை வண்டியேற்றி யாருக்கோ அனுப்பியவர்களுக்கு, வண்டி திரும்பி வருகிற கதை வெறும் கதையாக இருந்திருக்காது. வயிறு அறிந்த ஒன்றைப் பிரக்ஞைக்குக் கொண்டுவந்த வாசிப்பு அது.

ஆனால் இதைப் பொற்காலமாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அம்மாவின் ஊரில் வண்டி ஊர்த்தெருக் கோடியில் திரும்பிவிட்டது. சேரிக்குப் போகவில்லை. சிறுவனான எனக்கு அது தெரு முடிகிற இடமாகவே பட்டது. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் உள்ளே வருவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அரசு சீல் வைத்தது. செய்தியைப் படித்தபோதுதான் வண்டி திரும்பிய இடம் நினைவில் துலங்கியது.

பூந்தமல்லியில் பிறந்தவராகச் சொல்லப்படும் திருக்கச்சிநம்பியின் கதையும் சோற்றுக் கதைதான். வைசியரான நம்பி உண்டு மிஞ்சியதை உண்ண விரும்பினார் ராமானுஜர். அவர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டுவிட்டுப் போனார். மனைவி மிச்சத்தை வேறு ஆளுக்குக் கொடுத்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்தாள். குருபரம்பரைக் கதைகள் பழியை அந்த அம்மாள் தலையில் போடுகின்றன. சாதி அவள் கண்டுபிடித்ததா? விருந்தை யோசித்தவர் அவர். சமைத்ததும் மெழுகியதும் அவள்.

ரசனை என்ற சொல்லிலேயே நாக்கு இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி.யின் குற்றாலத்து வீட்டில் கம்பனும் விருந்தும் சேர்ந்தே வந்தன. அதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சுவைக்கலாம் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வீடு. என் தகராறு வேறு. நாக்கு திருப்தியடைந்ததும் நூல் மூடிக்கொள்கிறது. கரிசல் வாழ்க்கையைக் கஞ்சியாகக் குடித்து முடித்துவிட்டால் அதைப் பற்றி யோசிக்கவேண்டிய கடமையும் ஜீரணமாகிவிடுகிறது. பாரத வண்டியில் ஊர் தன் சோற்றைக் கொடுத்தது. நாங்கள் மற்றவன் சோற்றை வேஷம் கட்டிப் பார்த்தோம். வித்தியாசம் இதுதான். 'கோவேறு கழுதைகள்' எங்களைத் தடுத்து நிறுத்தியதற்கும் காரணம் இதுதான். அந்த நாவலில் சோறு ஊர் விசேஷமல்ல, உழைப்புக்குக் கிடைக்கிற கூலி. அதை ருசிக்கு வைத்தால் ஆரோக்கியத்தைத் திரும்பவும் வாசலில் நிறுத்தியவர்களாவோம்.

பந்தி போடுகிறவன் இரண்டு கேள்விகளைக் கேட்டாகவேண்டும்: வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது? சமைத்தவள் நூலைப் பற்றி என்ன நினைக்கிறாள்? இரண்டாவதை என் வீட்டில் நான் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் அதே நாவலை மறுபடி எடுக்கிறோம். அவள் பேசுகிறாள். சமையல் என் பொறுப்பு. உப்புமாவுக்கும் இலக்கியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கற்பிப்பதாக உத்தேசமில்லை.