திருகோணமலைக் கோட்டையும் தளர்ந்த நடையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கப்பல்களையும் பீரங்கிகளையுமே எண்ணினர். அதனைக் காத்து நின்ற போர்வீரரின் கால்களை எண்ணினாரில்லை. 1795ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய பிரித்தானியர், அங்கு நிறுத்திய படையினரிடையே பெரிபெரி என்னும் நோயைக் கண்டனர். கால்கள் மரத்தன, முழங்கால் தளர்ந்தது, பாதம் தொங்கியமையால் அது தரையில் இழுபடாவண்ணம் காலை உயரத் தூக்கி வைத்து நடந்தனர். சிலர் உடல் வீங்கி, மூச்சுத் திணறி மாண்டனர்.

நோயின் பெயரே நடையிலிருந்து பிறந்தது போலும். 'முடியாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பு அது என்பர் ஒரு சாரார். யாவாவில் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் பொன்ரியசோ, 1642இல் வெளிவந்த தமது நூலில், நோயாளரின் நடையைச் செம்மறியாட்டின் நடைக்கு ஒப்பிட்டு அதுவே பெயர்க்காரணம் என்றார்.

1797இல் திருகோணமலைக்கு வந்த படைமருத்துவர் தோமஸ் கிறிஸ்ரி, பல்லீறில் இரத்தங் கசியும் ஸ்கேர்வி நோயைத் தீர்த்த புளிப்புக் கனிகள் பெரிபெரிக்குப் பயன்படாமையைக் கண்டார். உணவுக் குறையே காரணம் எனக் கருதிய அவர், இரு நோய்க்குமிடையிலான வேறுபாடு ஏதோ நுண்ணிய இரசாயனச் சேர்க்கையைப் பொறுத்தது என ஊகித்தார். அவர் கடிதம் 1804இல் அச்சேறியது. விற்றமின் என்னும் சொல் பிறக்க அப்பொழுது நூறாண்டுக்கு மேல் இருந்தது.

விடை அரிசியில் இருந்தது. தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து தள்ளாடுவதை 1890களில் எயிக்மன் யாவாவில் கண்டார். மலாயாவில் தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் நோயுற, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் தப்பியதை பிராடன் 1907இல் எடுத்துரைத்தார். நெல்லை அவிக்கும்போது தவிட்டுப் படையிலுள்ள தயமின் அரிசியினுள் ஊறிவிடுகிறது. புழுங்கலை இழிவாகக் கருதுவோர் இதனை அறிதல் நன்று.

கிறிஸ்ரியிடம் இல்லாதது அளவுகோல். வீழ்ந்தவனையும் நிற்பவனையும் கண் பிரித்தறியும். நேற்றைய அடிக்கும் இன்றைய அடிக்கும் உள்ள சிறு வேறுபாட்டை அறிவது அரிது. அக்குறையை நிரப்ப வந்தவற்றுள் ஒன்று தொலைவறி கமரா. 2010இல் விளையாட்டுக் கருவியாக விற்பனைக்கு வந்த கினெக்ட், அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி உடலின் ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் அறிந்து, மூட்டுகளின் இடத்தைக் கணித்தது. உடலில் எதனையும் ஒட்டாமலே அடியின் நீளமும் வேகமும் கிடைத்தன. கையிலெடுத்துச் சென்று மருத்துவமனை நடைவழியிலேயே நிறுத்தலாம். பார்க்கின்சன் நோய், பக்கவாதம் ஆகியவற்றில் ஆய்வாளர் இதனைச் சோதித்துள்ளனர்.

ஆயின் இடுப்பையும் முழங்காலையும் ஓரளவு நன்கு காணும் அக்கருவி, தரையோடு கலந்து தோன்றும் கணுக்காலிலும் பாதத்திலும் தடுமாறியது. திருகோணமலை மருத்துவர் கண்ணில் பட்ட தொங்கிய பாதம் அதற்கு எளிதில் பிடிபடவில்லை. நோயாளியைக் குந்தியிருந்து எழச்சொல்லிப் பார்க்கும் பழைய சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.