பகதூருக்கு யார் பதில் சொல்வது?



எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "சித்திரக்கதையில் ஒரு வீரன் எடுபடுகிறான், ஒருவன் எடுபடவில்லை. அது வாசகன் தீர்ப்பு. பதிப்பாளரைக் குறை சொல்லாதீர்கள்" என்றார். ஐயா, வாசகன் எங்கே தீர்ப்புச் சொன்னான்? கடையில தொங்குறதைத்தானே வாங்குவான்!

என் மாமா இந்த ஊரில்தான் வேலை பார்த்தார். முழுப் பரீட்சை லீவு விட்டால் நான் இங்கேதான். வட்டத்துக்கு வட்டம் சைக்கிளில் போய் காமிக்ஸ் மாத்திக்குவோம். அதுக்கு ஒரு ரேட் உண்டு. ஒரு இரும்புக்கை மாயாவி கொடுத்தால் மற்ற புத்தகம் மூணு. அந்த ரேட்டை நாங்களே போட்டதாகத்தான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்த மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962. இந்த ஊர் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்த வருஷம். அதே வருஷம் இங்கிலாந்தில், 'வேலியண்ட்' என்ற வார இதழில் லூயி கிராண்டேல் பிறக்கிறார். விபத்தில் ஒரு கை போய், இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். கரண்ட் ஷாக் அடித்தால் உடம்பு மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் தெரியும். இவர் மட்டும் நெய்வேலிக்குக் குடிவந்திருந்தால் வருஷம் முழுக்க யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்! (சிரிப்பு)

1976-ல் 'வேலியண்ட்' வேறொரு பத்திரிகையோடு சேர்ந்து காணாமல் போயிற்று. பிறந்த நாட்டில் அந்த மனுஷன் மெல்ல மெல்லப் பழைய வாசகர்களின் ஞாபகமாக ஆகிவிட்டார். ஆனால் 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே அவரைப் போட்டது. திரும்பத் திரும்பப் போட்டது. இங்கே தாத்தாவுக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். அதே ஆள், அதே படம். அங்கே ஓரத்தில் நின்றவர், இங்கே மகாராஜா! அப்புறம் எங்கே வந்தது வாசகன் தீர்ப்பு? ஒருவனைப் பெரியவனாக்குகிற கைதானே இன்னொருவனைச் சின்னவனாக்குவதும்? (கைதட்டல்)

இப்போது நான் பகதூருக்கு வருகிறேன்.

டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-ல் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியது. வேதாளர், மாண்ட்ரேக், எல்லாம் அமெரிக்கச் சரக்கு. நம்ம மண்ணில் ஒரு வீரனை நிறுத்த அவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 1976-ல் ஆபித் சுர்தி எழுதி பகதூர் வந்தான். சம்பல் கொள்ளைக்காரனின் மகன். தகப்பனைச் சுட்ட போலீஸ் அதிகாரியே பிள்ளையை எடுத்து வளர்க்கிறார். அந்தப் பிள்ளை ஊர் ஜனங்களைத் திரட்டி, கொள்ளைக்காரர்களை எதிர்க்கப் படை அமைக்கிறான். என்ன கதை பாருங்கள்! நம்ம சினிமாக்காரர் கையில் கிடைத்திருந்தால் வெள்ளிவிழாதான்.

1990-ல் இந்திரஜால் நின்றது. வேதாளருக்கு என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் அவருக்கு முதலாளி இருக்கிறார். ஒரு கடை மூடினால் இன்னொரு கடை. தமிழில் ராணி காமிக்ஸ் அவருக்கு 'மாயாவி' என்று பேரே மாற்றி ஓட்டியது. பகதூருக்கு அப்படி யார் இருந்தார்கள்? கடையோடு அவன் ஓட்டமும் நின்றது.

"நஷ்டத்துக்கு எவன் அச்சடிப்பான்?" என்பீர்கள். நியாயம். வேதாளர் படம் வரைந்து ரெடியாக வருகிறது. பகதூரை ஒவ்வொரு கட்டமாகப் புதிதாக வரையணும், எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் கூலி கொடுக்கணும். ஒத்துக்கிறேன். ஆனால் நெய்வேலிக்காரர்களைக் கேளுங்கள். கரிக்கு மேலே அத்தனை மண்ணை வெட்டி எடுத்து, கரிக்கு அடியில் முட்டுகிற தண்ணீரை ராப்பகலாகப் பம்பு வைத்து இறைத்தால்தான் ஒரு கூடை கரி. முதல் நாளே லாபம் கேட்டிருந்தால் இந்த ஊர் ஏது? (பலத்த கைதட்டல்)

படைத்தவன் கதை இன்னும் மோசம். சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு பேரில் ஒருவர் ஜெர்ரி சீகல். 1938-ல் இருவருமாகச் சேர்ந்து அந்த உரிமையை விற்ற தொகை 130 டாலர்! அதே சீகல்தான் பிற்பாடு இங்கிலாந்துப் பத்திரிகைக்கு 'ஸ்பைடர்' கதைகள் எழுதினார். 1984-ல் சிவகாசியில் பிறந்த லயன் காமிக்ஸில் நாம் விழுந்து விழுந்து படித்தோமே, அதே ஸ்பைடர்தான். எழுதியவர் யார் என்று அன்றைக்கு நமக்குத் தெரியுமா?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே நிமிஷம் ஐயா.

அந்த லீவில் வடநாட்டுப் பையன் ஒருவன் ஆங்கில பகதூர் ஒன்றைக் கொண்டுவந்தான். மாயாவிக்கு மாத்திக்கலாமா என்றான். அட்டையைப் பார்த்தேன். குர்தா, ஜீன்ஸ். "இவருக்கு என்னடா பவர்?" என்று கேட்டேன். பையன் யோசித்துப் பார்த்து, "பவர் ஒண்ணும் கிடையாது, ஊர்க்காரங்க கூட வருவாங்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். அன்றைக்கு ரேட் சொன்னவன் நான்தான் ஐயா.